பாலில்லாத சீஸ்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால், தயிர், முட்டை எல்லாவற்றையும் விட்டு எனக்கு ஏழு வருடமாகிறது. ஹட்டனில் வீட்டிலேயே கஜு சீஸும், சோயாப் பாலைத் திரைய வைத்துப் பிழியும் டோஃபுவும் செய்கிறேன், தெரிந்தவர்களுக்கும் கொடுக்கிறேன். வாங்க வருகிறவர்கள், கோயிலில் பார்ப்பவர்கள், எல்லவில் ஹோட்டல் வேலை செய்யும் தம்பிமார், கொழும்பிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் என்று எல்லோரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது விடுபட்டுப் போகிறது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன். செய்து பார்த்து எங்கேயாவது சிக்கியவர்கள் நடுவிலிருந்து படித்தாலும் போதும்.

நாங்க வீட்டுல சைவம்தான் அக்கா. வீகன்னா அதுதானே?

இல்லை. நம் பேச்சில் சைவம் என்றால் மச்சம் இல்லை என்று அர்த்தம். பால், தயிர், நெய், பட்டர் எல்லாம் அதில் சேர்த்திதான். வீகன் என்றால் விலங்கிடமிருந்து வரும் எதுவும் கிடையாது. முட்டையும் இல்லை, தேனும் இல்லை. தமிழில் இதற்கு நனிசைவம் என்ற சொல் இருக்கிறது. ஆனால் கடையில் போய்ச் சொன்னால் முழிப்பார்கள். "பட்டர், சீஸ், நெய், பால்மா, முட்டை ஒன்றும் போடாதீங்க" என்று பெயர் பெயராகச் சொல்லுங்கள். அதுதான் வேலைக்காகும்.

சீஸ்ல பாலைத் தவிர வேற என்ன இருக்கு?

பாலைத் திரைய வைக்க ஒரு நொதி வேண்டும். அதை ரெனட் என்பார்கள். பழைய முறையில் அது பால்குடிக்கும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று பல தொழிற்சாலைகள் நுண்ணுயிர்களைக் கொண்டு செய்த ரெனட்டைப் பயன்படுத்துகின்றன. அப்படிச் செய்ததைத்தான் 'வெஜிடேரியன் சீஸ்' என்று விற்கிறார்கள். கன்றின் ரெனட் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். பால் முழுக்க இருக்கிறது.

சீஸுக்கு அந்த இழுவையையும் உருகும் குணத்தையும் கொடுப்பது பாலிலுள்ள கேசின் என்ற புரதம். எந்தச் செடியிலும் கேசின் இல்லை. பாலில்லாத சீஸில் வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் தானாக விளங்கிவிடும்.

அப்ப பாலில்லாத சீஸை எதுல செய்றாங்க?

கடையில் வரும் பக்கெட் சீஸ் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் மாச்சத்தும் சேர்ந்தது. எண்ணெய் கொழுப்புக்கு, உருளைக்கிழங்கு மாவோ மரவள்ளி மாவோ உடம்புக்கு, மீதி உப்பும் வாசனையும். இரண்டாவது வகை கஜு போன்ற பருப்புகளை அரைத்துச் செய்வது. மூன்றாவது சோயா, அதாவது டோஃபு. நான்காவதாக, நம் தோட்டத்து மரக்கறியில் செய்வது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான்.

இது எங்க கிடைக்கும்? ஹட்டன்ல தேடித் தேடி அலுத்துட்டேன்.

பக்கெட் சீஸ் வேண்டுமென்றால் கொழும்பின் பெரிய சுப்பர் மார்க்கெட்டுகள்தான் நம்பகமானவை. கண்டியிலும் நுவரெலியாவிலும் ஒரு வாரம் இருக்கும், அடுத்த வாரம் இருக்காது. போகுமுன் போன் போட்டுக் கேளுங்கள். எல்லவில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக வீகன் சாப்பாடு போடும் கடைகள் இருக்கின்றன. அங்கே போனால், சமையலறையில் எதை வைத்துச் செய்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பலர் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

கொழும்பிலிருந்து யாராவது வாங்கி வருவதென்றால் ஐஸ் வைத்த பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். அவிசாவளை வழியாக ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்தால், மலை ஏறுவதற்கு முன்பே எண்ணெய் பிரிந்துவிடும்.

பக்கெட்டுல 'நொன் டெயரி', அதான் பால் சேராததுன்னு போட்டிருக்கு. அப்ப கண்ணை மூடிட்டு வாங்கலாம்தானே?

கண்ணைத் திறந்து வாங்குங்கள். ஆரம்பத்தில் நான் தேநீருக்கென்று ஒரு நொன் டெயரி தூள் வாங்கி மூன்று மாதம் குடித்தேன். பிறகுதான் பின்பக்கத்தைப் படித்தேன். சோடியம் கேசினேட் என்று இருந்தது. கேசினேட் என்பது பாலிலிருந்து பிரித்தெடுத்த கேசின்தான். அன்று எனக்கு அழுகையே வந்தது. 'நொன் டெயரி' என்று முன்பக்கத்தில் எழுதிவிட்டு உள்ளே பால் புரதம் வைப்பது இன்றும் நடக்கிறது.

உள்ளடக்கப் பட்டியல் பல பக்கெட்டுகளில் ஆங்கிலத்தில், அதுவும் பொடி எழுத்தில்தான் இருக்கும். மில்க் சொலிட்ஸ், ஸ்கிம்ட் மில்க் பவுடர், வே (whey, பால் திரையும்போது பிரியும் நீர்), கேசின், கேசினேட், லாக்டோஸ், பட்டர் ஃபேட், கீ (நெய்): இவற்றில் ஒன்று இருந்தாலும் அது பால்தான். லாக்டிக் அசிட் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், பெயர் பாலைப் போல இருந்தாலும் அது பெரும்பாலும் சீனி அல்லது மாச்சத்தைப் புளிக்கவைத்து எடுப்பது. லெசித்தினும் பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது. மாஜரினிலும் இந்தப் பட்டியலைத் தேடுங்கள். எண்ணெயில் செய்தது என்றாலும் சிலவற்றில் வேயோ பால் திண்மமோ சேர்க்கிறார்கள்.

லாக்டோஸ் ஃப்ரீ சீஸ் சாப்பிடலாமா?

முடியாது. அது பால்தான், பாலின் சீனியை மட்டும் உடைத்திருக்கிறார்கள். பனீரும் பால், ஆட்டுப்பால் சீஸும் பால்.

எது நல்ல சீஸ்? ஒண்ணைச் சொல்லுங்க, அதையே வாங்கிடுறேன்.

ஒன்றைச் சொல்ல முடியாது, அங்கேதான் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். ஒரு பக்கெட்டை வாங்கி, பாணில் வைத்து, பீட்சாவில் போட்டு, அப்படியே வெட்டியும் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். எங்கேயும் பால் சீஸ் மாதிரி இல்லை என்றதும் "இதெல்லாம் சரிவராது" என்று விட்டுவிடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தட்டில் சீஸ் என்ன வேலை செய்தது?

பாணில் பூசுவதுதான் வேலை என்றால் கஜு விழுது போதும், உருக வேண்டிய அவசியமே இல்லை. சலட்டில் உதிர்த்துப் போடுவதென்றால் உப்பும் தேசிக்காயும் ஊறிய டோஃபு. பாஸ்டா, கொத்து, அவித்த கோவாப்பூ இவற்றின் மேல் ஊற்றுவதென்றால் உருளைக்கிழங்கை அவித்து அடித்த சாறு, செய்முறை கீழே இருக்கிறது. டோஸ்டரில் வைத்து இழுபட வேண்டும் என்றால்தான் பக்கெட் சீஸோ, சவ்வரிசி சேர்த்த கஜு சீஸோ தேவை. பக்கெட் சீஸை அப்படியே வெட்டிச் சாப்பிட நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சூடாக்கினால்தான் அதற்கு ருசி.

கஜு விலையைக் கேட்டாலே தலை சுத்துது. சம்பளக்காரங்க நாங்க என்ன பண்றது?

கஜுவை மறந்துவிடுங்கள். வீகன் சாப்பாடு பணக்காரர் சாப்பாடு என்ற பேச்சு இந்தக் கஜுவாலும் பக்கெட் சீஸாலும்தான் வந்தது. வெலிமடையும் நுவரெலியாவும் உருளைக்கிழங்கும் கரட்டும் விளையும் மண். அதை வைத்தே அருமையான சீஸ் சாறு செய்யலாம். மலையகத்தில் பிறந்த ஒருவர் இதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

உருளைக்கிழங்கு 300 கிராம், கரட் 100 கிராம், இரண்டையும் தோல் சீவி வெட்டி, குழைய அவியுங்கள். அவித்த தண்ணீர் அரைக் கோப்பை, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, பூண்டு ஒரு பல், உப்பு ஒரு தேக்கரண்டி, அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி, பாதித் தேசிக்காயின் சாறு. எல்லாவற்றையும் சூடாக இருக்கும்போதே பிளெண்டரில் போட்டு, மூடியை முழுதாக இறுக்காமல் ஒரு துணியால் அழுத்திப் பிடித்தபடி, வழவழவென்று வரும்வரை அடியுங்கள். உருளைக்கிழங்கைப் பிளெண்டரில் அடித்தால் பசை மாதிரி ஆகிவிடும் என்று மசியலுக்கு நாம் அடிப்பதில்லை அல்லவா? இங்கே அந்தப் பசைதான் வேண்டும். அதுதான் சாற்றுக்கு இழுவை தருகிறது. நிறம் கரட்டிலிருந்து வரும். கொச்சிக்காய் ஒன்று சேர்த்து அடித்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கரண்டியாலேயே சாப்பிடுவார்கள்.

தேங்காய் எண்ணெய்தான் வேண்டும் என்றில்லை. 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியபோது நான் சாதாரண மரக்கறி எண்ணெயில்தான் செய்தேன். ருசியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நீங்க சொன்ன மாதிரி கஜு அரைச்சேன், சட்னி மாதிரிதான் இருக்கு. இழுபடவே இல்லையே?

கஜுவில் இழுவை கிடையாது. இழுவை மாச்சத்திலிருந்து வருகிறது. அரைக் கோப்பை கஜுவை ஊறவைத்து, ஒரு கோப்பை தண்ணீருடன் நன்றாக அரையுங்கள். சவ்வரிசியை உலர்ந்த கிரைண்டரில் மாவாக்கிச் சலித்து, அதில் நான்கு மேசைக்கரண்டி சேருங்கள். உப்பு, பூண்டு, ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. இதை அடுப்பில் வைத்து விடாமல் கிளறினால் முதலில் கட்டி கட்டியாகும், பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் பளபளவென்று ஒன்றுசேர்ந்து கரண்டியோடு இழுபடும்.

கடையில் விற்கும் மரவள்ளி மா சிலவேளை கிழங்கை முழுதாகக் காயவைத்து அரைத்ததாக இருக்கும். அதில் நார் இருப்பதால் இந்த இழுவை வராது. சவ்வரிசியில் இருப்பது கிழங்கின் மாச்சத்து மட்டும்.

கடற்பாசி போட்டு அழகா கட்டியா வந்துச்சு. ஆனா டோஸ்டர்ல வெச்சா உருகலையே அக்கா!

உருகாது. கடற்பாசி, அதாவது அகர் அகர், 40 பாகை செல்சியஸுக்குக் கீழேயே உறைந்துவிடும், ஆனால் மறுபடி இளக ஏறக்குறைய 85 பாகை வேண்டும். பாண் கருகும், சீஸ் அப்படியே நிற்கும். வெட்டித் துண்டு போடவும் துருவவும் கடற்பாசி, உருக்கி இழுக்கச் சவ்வரிசி. இரண்டையும் பாதிப் பாதி போட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ரப்பர் மாதிரி வந்தது.

பாண் போடுற ஈஸ்ட்டைச் சேர்த்தா சீஸ் வாசம் வருமாமே?

வேண்டாம். வெளிநாட்டுச் செய்முறைகளில் சொல்வது நியூட்ரிஷனல் ஈஸ்ட். அது சூடாக்கி உயிர் போன ஈஸ்ட், மஞ்சள் செதில் மாதிரி இருக்கும். பாண் ஈஸ்ட் உயிரோடு இருப்பது. அதைச் சமைக்காமல் சாப்பிட்டால் வயிறு ஊதும், கசக்கும். நியூட்ரிஷனல் ஈஸ்ட் கிடைக்காவிட்டால் மார்மைட் கால் தேக்கரண்டி சேருங்கள். அதுவும் ஈஸ்ட்டின் சாறுதான், அந்த ஆழ்ந்த ருசி வரும். நிறம் கொஞ்சம் கறுக்கும். உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியால செஞ்சப்ப கல்லு மாதிரி இருந்துச்சு, பதுளைக்கு அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனா வழியுது. ஏன்?

தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையில் உருகுகிறது. நுவரெலியாவில் போத்தலில் உள்ள எண்ணெயே உறைந்து கிடக்கும், நாம் சுடுதண்ணீரில் வைத்து எடுக்கிறோம். அங்கே கெட்டியான சீஸ் பதுளை வெயிலில் இளகுவது இயல்பு. கீழே கொண்டுபோவதென்றால் எண்ணெயைக் குறைத்துச் சவ்வரிசி மாவை ஒரு கரண்டி கூட்டுங்கள்.

டோஃபு வீட்டுல செய்ய முடியுமா? சோயா மீட்டும் அதுவும் ஒண்ணா?

ஒன்றில்லை. சோயா மீட் எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது. டோஃபு சோயாப் பாலைத் திரைய வைத்துப் பிழிவது. பனீர் செய்யத் தெரிந்தவருக்கு டோஃபு கை வந்த வேலை. கால் கிலோ சோயா அவரையை இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு லீட்டர் தண்ணீருடன் அரைத்து, துணியில் வடித்துக் காய்ச்சுங்கள். பொங்குவது போல நுரை எழும், அது உண்மையான கொதி இல்லை. அடுப்பைக் குறைத்துத் தொடர்ந்து காய்ச்ச வேண்டும். பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, நன்றாகக் காய்ச்சினால்தான் அது குறையும். கடல் மட்டத்தில் பத்து நிமிடம் போதும் என்பார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் நான் மேலே இருப்பவர்களுக்கு இருபது நிமிடம் என்று சொல்கிறேன்.

இறக்கி, கொஞ்சம் சூடு தணிந்ததும், நான்கு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றைத் தண்ணீரில் கலந்து மெதுவாக ஊற்றுங்கள். திரைந்ததும் துணியில் கட்டி, மேலே அம்மிக்குழவியை வையுங்கள். ஒரு மணி நேரத்தில் டோஃபு தயார். அதைத் துண்டு போட்டு உப்பு, தேசிக்காய், பூண்டு, எண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்தால் முன்பு சொன்ன சலட் சீஸ்.

புளிக்க வைச்சாத்தான் உண்மையான சீஸ் ருசி வருமாம். பழஞ்சோத்துத் தண்ணி ஊத்தலாமா?

ருசி வரும் என்பது உண்மை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தேசிக்காயோடு நில்லுங்கள். பழஞ்சோற்று நீரில் என்னென்ன நுண்ணுயிர் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. 2021இல் அமெரிக்காவில் கஜுவில் செய்த சீஸைச் சாப்பிட்டவர்களுக்கு சல்மொனெல்லா என்ற கிருமியின் தொற்று வந்தது. பச்சைக் கஜுவை ஊறவைத்து அப்படியே புளிக்க வைக்கும்போது இந்த ஆபத்து இருக்கிறது.

செய்தே தீர வேண்டும் என்றால் கஜுவைப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள், ஆறியதும் அரையுங்கள், கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடிப் போத்தலையும் கரண்டியையும் பயன்படுத்துங்கள். பார்மசியில் கிடைக்கும் புரோபயோடிக் (நல்ல நுண்ணுயிர் அடங்கிய) குளிசையில் பாலில்லாததைப் பார்த்து வாங்கி, உள்ளிருக்கும் தூளைக் கலக்குங்கள். கொழும்பில் ஒரு நாளில் புளிப்பது நம் குளிரில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். அடுப்படிச் சூட்டில் வைத்தால் சீக்கிரம் ஆகும். பூஞ்சணம் கண்டால் மேலாகச் சுரண்டிவிட்டுச் சாப்பிடாதீர்கள். இது மிருதுவான சீஸ், வேர் உள்ளே போயிருக்கும். முழுதாகக் கொட்டிவிடுங்கள். என் முதல் போத்தல் அப்படித்தான் போனது, அரைக் கிலோ கஜு.

லயத்துல எங்களுக்கு பிரிட்ஜ் இல்ல. குளிர்தானே, வெளியில வைக்கலாமா?

கூடாது. பிரிட்ஜ் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும், நம் பகல் குளிர் அந்த அளவுக்கு வராது. பிரிட்ஜ் இல்லாதவர்கள் உருளைக்கிழங்குச் சாற்றை அந்த வேளைக்கு மட்டும் செய்யுங்கள், அரை மணி நேர வேலைதான். பிரிட்ஜில் அது மூன்று நாள், கஜு சீஸ் நான்கைந்து நாள். டோஃபுவைத் தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் நான்கு நாள்.

சீஸை விட்டா கல்சியம் எங்கிருந்து வரும்? பிள்ளைக்கு வேற கொடுக்கணுமே.

நியாயமான பயம். 30 கிராம் செடார் சீஸில் 200 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 வேண்டும். பக்கெட் வீகன் சீஸில் கல்சியம் சேர்த்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. புரதமும் அப்படித்தான். தேங்காய் எண்ணெய்ச் சீஸ் சிலவற்றில் 100 கிராமுக்கு ஒரு கிராம் புரதம்கூடக் கிடையாது, நிறைவுற்ற கொழுப்பு மட்டும் நிறைய. அதைச் சத்தான சாமான் என்று நினைத்துத் தினமும் சாப்பிடாதீர்கள். கல்சியத்துக்குக் குரக்கன், முருங்கையிலை, எள், கல்சியம் சேர்த்த சோயாப் பால் இவற்றைப் பாருங்கள். தேசிக்காயில் திரைந்த டோஃபுவை விட கல்சியம் சல்பேட்டில் திரைந்த கடை டோஃபுவில் கல்சியம் அதிகம்.

பி12 வைட்டமின் எந்தச் செடி உணவிலும் நம்பும்படி இல்லை. பெரியவருக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும். குறைந்தால் இரத்தசோகை மட்டுமல்ல, நரம்பும் பாதிக்கப்படும். வீகனாக இருப்பவர் பி12 குளிசை எடுத்தே ஆக வேண்டும், இதில் நான் யாரோடும் சமரசம் பேசமாட்டேன். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் என்ன கொடுப்பது என்பதை கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள். முழுக் கஜுவைச் சின்னப் பிள்ளை வாயில் போட விடாதீர்கள், புரையேறும்.

பிள்ளைக்குப் பால் அலர்ஜி. வீகன்னு போட்டிருந்தா நம்பிக் கொடுக்கலாமா?

அலர்ஜிக்கு அது மட்டும் போதாது. ஒரே இயந்திரத்தில் பால் சாமானும் செய்தால் "பாலின் சிறு அளவு இருக்கக்கூடும்" என்று எழுதுவார்கள். விருப்பத்தால் பாலை விட்டவருக்கு அது பெரிய விஷயமில்லை. அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அதுவே ஆபத்து. கஜுவும் சோயாவும் கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, முதலில் துளியாகக் கொடுத்துப் பாருங்கள்.

கடையில சீஸ் போடாம கொத்து கேட்டா வீகன்தானே?

சீஸ் ஒன்றுதான் போனது. முட்டை இருக்கும், தட்டில் மாஜரின் பூசுவார்கள், ரொட்டி மாவிலும் சிலர் டின்பாலோ முட்டையோ சேர்ப்பார்கள். கறிக்குழம்பையும் ஊற்றுவார்கள். கூட்டம் இல்லாத நேரம் போய், ரொட்டியில் என்ன சேர்த்தார்கள் என்று கேட்டு, மரக்கறியும் எண்ணெயும் மட்டும் போட்டுக் கொத்தித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மேலே உருளைக்கிழங்குச் சாற்றை ஊற்றினால் சீஸ் கொத்து.

எங்க வீட்டுல ரெண்டு மாடு இருக்கு, பால் ஊத்தித்தான் நான் படிச்சேன். பாலை வேணாம்னு சொன்னா அம்மா மனசு ஒடைஞ்சிடும். என்ன பண்றது?

என் அப்பாவும் விடியற்காலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சேகரிப்பு நிலையத்துக்கு நடந்தவர்தான். ஒரு கிலோ செடார் சீஸுக்குப் பத்து லீட்டர் பால் வேண்டும். அந்தப் பத்து லீட்டருக்குப் பின்னால் ஒரு கன்று இருக்கிறது என்பதைப் பார்த்து வளர்ந்ததால்தான் நான் விட்டேன். கடாக் கன்றுகளை விற்கும் நாளில் தாய் மாடு கத்துவது இன்னும் காதில் இருக்கிறது. அதற்காக, அந்தப் பாலால் என்னை வளர்த்த கைகளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். ஒரு நாள் நீங்களே அந்த உருளைக்கிழங்குச் சாற்றைச் செய்து, சுடச்சுட ரொட்டியோடு அவருக்குக் கொடுங்கள். என் அம்மா முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் "கரட் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார். தேநீர் விஷயத்தில் மட்டும், வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே "எனக்கு பிளேன்டீ போதும்மா" என்று சொல்லிவிடுங்கள். ஊற்றிக் கொண்டுவந்த பிறகு மறுத்தால்தான் மனம் நோகும்.